பேர் போடாத பதினெட்டு மில்

1

“வெளிநாட்டுல சொகுசா ஒக்காந்துக்கிட்டு நம்ம ஊரு மில்லைப் பத்திப் பேசுறவங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா நல்லது.”

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருவர் இப்படிப் போட்டிருந்தார். என் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. அந்தக் குழுவில் வெளிநாட்டில் இருப்பவர்களில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் வளைகுடாவில் வெயிலில் நின்று வேலை பார்க்கிறார்கள். ஆகவே படித்த அத்தனை பேருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் முளைத்தன. அதில் ஒன்று என் சொந்த அண்ணனுடையது. பிறகு கேட்டபோது கைபட்டுவிட்டது என்றார்.

பெயரைச் சொல்லாமலே ஆளைக் காட்டிக்கொடுக்க முடியும். அதைத் தடுப்பதுதான் பத்து வருடமாக நான் செய்கிற வேலை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செய்தி வந்த அன்றுதான் வேலையில் சேர்ந்து பத்து வருடம் ஆனது என்று அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். ஒரு கையில் கேக்கும் மறு கையில் போனுமாக நின்றேன். எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வாயை மூட மாட்டேன். நடந்தது என்ன என்பதை என் தப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

2

நான் இருப்பது நியூசிலாந்தில், வெலிங்டன் நகரத்தில். இங்கே வருடம் முழுக்க ஆடி மாதம்தான், காற்றைச் சொல்கிறேன். குடை என்ற பொருளை நான் மறந்து வெகுநாள் ஆகிறது.

வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அண்ணன் எல்லோரிடமும் “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லி வைத்திருக்கிறார். உண்மை இதுதான். கம்பெனிகள் அரசாங்கத்துக்குப் பல விவரங்களைக் கொடுக்கின்றன. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை நாள் ஓடியது, எவ்வளவு மின்சாரம் இழுத்தது, யாருக்கு அடிபட்டது. எல்லாம் ரகசியம். ஆனால் இதைப் பார்க்காமல் ஒரு சட்டமோ விதியோ எழுதினால் அது கண்ணைக் கட்டிக்கொண்டு தையல் போடுகிற மாதிரி. அதனால் ஆய்வாளர்கள் வந்து பார்க்க இங்கே ஓர் அறை உண்டு. போனை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். பேனா கூடாது, காகிதம் கூடாது, இணையம் கிடையாது. பார்க்கலாம், ஆராயலாம். ஆனால் முடிவாக எழுதிய அட்டவணை என் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக முடியும்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். இதைப் படிக்கிறவர் இது யார் என்று கண்டுபிடித்துவிடுவாரா? ஒரு சின்ன ஊரில் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். “அந்த ஊர் ரொட்டித் தொழிற்சாலைகளின் சராசரி” என்று எழுதினால் அது அந்த ஒரே ஆளின் அந்தரங்கம். அந்த வரியை அடித்துவிடுவேன். பேராசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். சிரித்துக்கொண்டே அடிப்பேன்.

இந்த வேலைக்கு ஆயுள் முழுக்க வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். அப்பா பெயரைக் கடைசியில் எழுதினேன். அதன்பிறகு மூன்று வருடம் அலுவலகக் கடிதம் ஒவ்வொன்றும் “அன்புள்ள முத்தையா” என்று வந்தது. இறந்துபோன அப்பாவுக்குச் சம்பள உயர்வு அறிவித்த கடிதம்கூட ஒன்று இருக்கிறது. மாற்றச் சொல்லி எழுதினேன். மாற்ற வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழில் கடைசிப் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். புதுக்கோட்டையில் கொடுத்த சான்றிதழில் என் பெயரே இல்லை, “பெண் குழந்தை” என்று மட்டும்தான் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகவும் அதே மூன்று வருடம் ஆனது. இப்போதும் அவசரத்தில் “சார்” வந்துவிடும். அவர் ஒரு பெண்.

என் மகள் கயலுக்குப் பதினேழு வயது. அவளுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. பள்ளியில் தலைமையாசிரியரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். முன்பெல்லாம் ஆலங்குடியை “நம்ம ஊர்” என்பாள். இப்போது “உன் ஊர்” என்கிறாள். எந்த நாளில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அது எனக்குப் பெரிய துக்கம், மறைக்க ஒன்றும் இல்லை.

3

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிற்பகல் இரண்டு மணி என்றால் அண்ணனுக்குக் காலை ஏழரை. அதுதான் எங்கள் நேரம். அண்ணன் பெயர் செல்வராசு. ஆலங்குடிக்குக் கிழக்கே தேங்காய் நார் மில் வைத்திருக்கிறார். மட்டையை அடித்து நார் பிரித்து விற்பது. அந்தப் பக்கம் அப்படிப்பட்ட சின்ன மில் பதினெட்டு உண்டு. அவற்றுக்கு ஒரு சங்கம். அதற்கு அண்ணன் செயலாளர்.

எங்கள் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்.

“மில்லு ஓடுதாண்ணே?”

“ஓடுதாத்தா. நல்லா ஓடுது.”

இந்த வருடம் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு அவர் குரல் சரியில்லை. புதிதாக ஒரு விதி வரப்போகிறது என்றார். ஒவ்வொரு நார் மில்லும் கழிவுத் தண்ணீருக்கு இத்தனை அடி நீளம், இத்தனை அடி ஆழம் என்று சிமெண்டுத் தொட்டி கட்ட வேண்டும், களம் முழுக்கத் தளம் போட வேண்டும். ஒரு வருடம் கெடு. எல்லா மில்லுக்கும் ஒரே அளவு.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நார்த்தூளைக் கழுவிக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்கிற பெரிய மில்களுக்குப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் பதினெட்டில் பெரும்பாலானவர்கள் தூளைக் கழுவுவதே இல்லை. மட்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதோடு சரி. அவர்களுக்கு அந்தத் தொட்டி எதற்கு? அதைக் கட்டுவதற்குப் பதில் மில்லை இழுத்து மூடிவிடலாம்.

“இதை ஏன் அவங்ககிட்டச் சொல்லலை?”

“கேட்டாங்கத்தா. ரெண்டு வருசம் முன்னாடி படிவம் அனுப்புனாங்க. எத்தனை நாளு ஓடுது, எவ்வளவு தண்ணின்னு. பெரிய மில்லுக்காரவுக குடுத்தாக. நாங்க யாரும் குடுக்கலை.”

விளங்கிவிட்டது. விவரம் கொடுத்தவன் பெரிய மில். ஆகவே அரசாங்கத்தின் கண்ணில் மில் என்றாலே பெரிய மில். நாம் வாயைத் திறக்காததால் நாமே இல்லாமல் போய்விட்டோம்.

அவர் பேச்சு அத்தோடு முடியவில்லை. புதுக்கோட்டையில் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற நிஷா என்ற பெண் சங்கத்துக்கு வந்திருக்கிறாள். சின்ன மில்களின் விவரத்தை எல்லாம் சேர்த்து ஓர் அறிக்கை எழுதித் தருகிறேன், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வைக்கலாம் என்றிருக்கிறாள். சங்கத்தில் ஒருவரும் ஒப்பவில்லை.

“நீ ஒரு வார்த்தை சொல்லுத்தா. ரகசியம் காக்குற வேலைதான பாக்குற? குடுக்கக் கூடாதுன்னு நீயே குரூப்பில போடு. வாயை மூடிருவாங்க.”

“குடுக்கணும்னு போடுறேன்,” என்றேன்.

“ஒனக்கு இங்கிட்டு நடக்குறது தெரியாது,” என்று வைத்துவிட்டார்.

4

எனக்கு இங்கிட்டு நடப்பது நன்றாகவே தெரியும். மில் மாதத்தில் எட்டு நாள்தான் ஓடுகிறது என்று வெளியே தெரிந்தால் மட்டை கொண்டுவருகிற லாரிக்காரர் அடுத்த மில்லில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். வேலைக்கு வருகிற பெண்கள் தினமும் வேலை கிடைக்கிற இடத்துக்குப் போவார்கள். அதனால் பதினெட்டுப் பேரும் “நல்லா ஓடுது” என்றுதான் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமான பயம். அதைச் சிரித்துத் தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ஆனால் பயத்துக்கு மருந்து பூட்டு. பெட்டியையே கிணற்றில் போடுவது மருந்து இல்லை. இதைத்தான் குழுவில் எழுதினேன். திட்டு வாங்கினேன். மறுபடி எழுதினேன்.

நிஷாவோடு போனில் பேசினேன். கோட்டைப்பட்டினத்துப் பெண். நான் ரகசியம், பாதுகாப்பு என்று பாடம் எடுக்க ஆரம்பித்ததும் சிரித்தாள்.

“அக்கா, எங்க வாப்பா கடல்ல போட் வச்சிருந்தாக. மீன் பட்ட எடத்தைக் கூடப்பொறந்தவருக்கே சொல்ல மாட்டாக. எனக்குப் போயி ரகசியம் சொல்லித் தாரீங்களே.”

அன்றே அவளைப் பிடித்துப்போனது. ஒரு மாதம் இரண்டு பேரும் சேர்ந்து விதி எழுதினோம். சங்கக் கட்டடத்தின் பின் அறையில் இணையம் இல்லாத ஒரே ஒரு கம்ப்யூட்டர். நிஷாவைத் தவிர யாரும் தொடக் கூடாது. எந்தத் தாளிலும் மில்லின் பெயர் வராது, எண் மட்டும்தான். அறிக்கையில் தனி மில்லைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, எல்லாம் சேர்த்துத்தான் சொல்லப்படும். விருப்பம் இல்லாதவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டம் நெருங்க நெருங்க ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் அண்ணனும் கொடுத்தார்.

மில்களின் பட்டியலை அண்ணன் அனுப்பினார். பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டுக் கொடுத்தது நான்தான். பட்டியலில் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, ஒன்று என்று அடித்து, மூலையைப் பிடித்துப் பதினெட்டு வரைக்கும் கீழே இழுத்துவிட்டேன். அரை நிமிட வேலை.

விவரம் எல்லாம் ஏறியதும் சங்கத்தில் ஒரு கோரிக்கை வந்தது. அவரவர் வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு பிற்பகல் மட்டும் தாளைச் சுவரில் ஒட்டுங்கள் என்றார்கள். நிஷா என்னைக் கேட்டாள். என் அலுவலகத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியிருப்பேன். ஊர் என்றதும் மனசு இளகிவிட்டது.

“பேர் இல்லையே. எண்தானே. ஒட்டு,” என்றேன்.

5

அந்தத் தாள் சுவரில் இருந்தது நான்கு மணி நேரம். கெடுதல் நடக்க நான்கு நிமிடம் போதுமாயிருந்தது.

அந்த வழியாகப் போகிற டவுன் பஸ் கண்டக்டர் டீ குடிக்க இறங்கியவர், உள்ளே கூட்டமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். தாளை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்து, டிக்கெட் கொடுக்கிற அதே குரலில் மில்லின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாராம். ஒன்று இன்னார் மில், இரண்டு இன்னார் மில். ஒன்பதில் விரலை நிறுத்தி, “ஒம்போது பஞ்சவர்ணத்தக்கா மில்லு. என்னங்க இது, மாசத்துல ஆறு நாளுதான் ஓடுதா?” என்று கேட்டாராம்.

எங்கள் சங்கத்தில் எந்தப் பட்டியலும் பஸ் நிறுத்த வரிசையில்தான் இருக்கும். சங்க நோட்டீஸ் கொடுக்கப் போகிறவர் ஆலங்குடியில் பஸ் ஏறி ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிக் கொடுத்துக்கொண்டே போவார். அதனால் அரிச்சுவடி வரிசை என்ற ஒன்றே எங்களுக்குக் கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைக்கும் பட்டியல்கூட அப்படித்தான் எழுதுவோம். நானும் அதே பஸ்ஸில் மூன்று வருடம் கல்லூரிக்குப் போனவள். அண்ணன் அனுப்பிய பட்டியலைப் பார்த்தபோது அதில் ஒரு வரிசை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. அது மில்கள் பூமியில் இருக்கிற விதம், அவ்வளவுதான். பத்து வருடம் அடுத்தவர் அட்டவணையில் ஓட்டை தேடியவள் என் ஊரின் ஓட்டையைப் பார்க்கவில்லை.

யாரோ தாளைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். நானும் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று விதி எழுதியவளே நான்தான். ஆனாலும் கண் தானாகப் பதினொன்றுக்குப் போனது. பதினொன்றாவது நிறுத்தம் எங்கள் வீடும் மில்லும். மாதத்தில் ஏழு நாள். அதற்கு முந்தின மாதம் ஐந்து. ஞாயிறுதோறும் “நல்லா ஓடுதாத்தா” என்ற மில்.

கயல் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் பள்ளியில் புள்ளியியல் படிக்கிறாள்.

“எண்ணைக் குலுக்கிப் போடவில்லையா? அம்மா, அது முதல் பாடம்,” என்றாள் ஆங்கிலத்தில்.

அவள் சொன்னது சரி.

மறுநாளே பஞ்சவர்ணம் அக்காவின் மில்லுக்கு வர வேண்டிய இரண்டு லோடு மட்டை வேறு இடத்தில் இறங்கியது. வேலைக்கு வந்த ஏழு பெண்களில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். குழுவில் அந்தச் செய்தி வந்தது, கட்டைவிரல்கள் முளைத்தன. அண்ணன் போனை எடுக்கவில்லை. மூன்று ஞாயிறு எடுக்கவில்லை.

நிஷா செய்ததை மட்டும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் சங்கத்தார் முன்னால் அழித்துவிட்டாள். உங்கள் நம்பிக்கையில்தான் இதை வாங்கினோம், அது உடைந்த பிறகு வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்றாள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. பதினெட்டுப் பேரும் முதலிலிருந்து மறுபடி கொடுத்தால் அறிக்கை. இல்லாவிட்டால் தொட்டி, அல்லது பூட்டு.

6

பஞ்சவர்ணம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கல்யாணமாகி வந்தவர். கணவர் இறந்தபின் மில்லைத் தனியாளாக நடத்துகிறார். என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தேன்.

“அக்கா, நடந்ததற்கு முழுப் பொறுப்பு என்னுடையது. உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் முடிவு எதுவானாலும் நான் அதை மதிக்கிறேன்.”

“ஏ திலகா, என்னடி கோர்ட்டு நோட்டீசு மாதிரி பேசுற?”

எழுதி வைத்த தாளைக் கசக்கினேன். வெளிநாட்டுக்கு வந்து என் ஆங்கிலம் திருந்தியதோ இல்லையோ, தமிழுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிவிட்டது.

“தப்புப் பண்ணிட்டேங்க்கா. என்னைய வையிங்க.”

“இது பேச்சு.” அதற்குப்பின் வைதார். பத்து நிமிடம் ஒரே சீராக வைதார். படிச்ச முட்டாள் என்றார். பஸ்ஸில் போகிற சின்னப் பிள்ளைக்குத் தெரிவது உனக்குத் தெரியவில்லையே என்றார். லாரிக்காரர் போனதையும் நான்கு பெண்களும் போனதையும் பெயர் பெயராகச் சொன்னார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். பிறகு சட்டென்று குரலை இறக்கினார்.

“ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தத் தாளை நானுந்தான் பாத்தேன். எல்லா மில்லும் ஆறு, ஏழு, ஒம்போது நாளு. ஒரு பயலுக்கும் ஓடல. நான் ஒருத்திதான் கெட்டுப் போயிட்டேன்னு ரெண்டு வருசமா ஊருக்குள்ள தலைகுனிஞ்சு நடந்தேன். வெறுமனே மோட்டாரைப் போட்டு ஓட விட்டிருக்கேன்டி, சத்தம் கேக்கட்டும்னு.”

“இப்ப என்ன செய்யப் போறீங்கக்கா?” என்றேன்.

“திரும்பக் குடுக்குறேன். ஆனா இந்தத் தடவை நம்பர் நான் போடுறேன். நீயும் ஒன் கம்ப்யூட்டரும் ஒதுங்கி நில்லுங்க.”

7

பஞ்சவர்ணம் அக்கா அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பல வருடமாகக் குலுக்குச் சீட்டு நடத்துகிறவர். மாதம் ஒரு முறை பெயர்களை எழுதிச் சுருட்டிச் சொம்பில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதில் யாரும் அவரை ஏமாற்றியதும் கிடையாது, அவர் யாரையும் ஏமாற்றினார் என்று பேச்சும் கிடையாது.

சங்கத்தைக் கூட்டச் சொன்னார். நிஷா அதைப் பிறகு எனக்கு வரி வரியாகச் சொன்னாள். கூட்டத்தில் ஒருவர், “மறுபடியுமா? ஒருதரம் வேட்டிய அவுத்தது போதாதா?” என்று எழுந்திருக்கிறார்.

“அவுந்தது எல்லாருக்குந்தானப்பா. நீ மட்டும் எதை மறைக்கப் போற?” என்றாராம் அக்கா.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

பதினெட்டுச் சீட்டு எழுதலாம் என்று அண்ணன் ஆரம்பித்தார். அக்கா தடுத்தார். பதினெட்டுப் பேருக்குப் பதினெட்டே சீட்டு என்றால், பதினேழு பேர் தங்கள் எண்ணைச் சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பவரின் எண் தானாகத் தெரிந்துவிடும். நூறு சீட்டு எழுதச் சொன்னார். சொம்பு போதாமல் அண்டா வந்தது. ஒவ்வொருவராகத் தனியே பின் அறைக்குள் போய் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லக் கூடாது, கட்டினவருக்கும் சொல்லக் கூடாது. கையெழுத்தில் ஆள் தெரியும் என்பதால் நிஷா படிவத்தை வட்டம் போடுகிற மாதிரி மாற்றியிருந்தாள். எண்ணுக்கு வட்டம், நாளுக்கு வட்டம், தண்ணீருக்கு வட்டம். மடித்துப் பூட்டிய பெட்டிக்குள் போட வேண்டும்.

என் அலுவலகத்தில்கூட எந்த எண் எந்தக் கம்பெனி என்ற சாவி ஓர் இடத்தில் பூட்டி இருக்கும். இங்கே அந்தச் சாவியே இல்லை. நிஷாவிடம் இல்லை, சங்கத்திடம் இல்லை, என்னிடம் இல்லை. பதினெட்டு மடியில் பதினெட்டுத் துண்டாகக் கிடக்கிறது. அடுத்த நாள் வேலையில் இதை என் மேலதிகாரியிடம் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை, அண்டாவை மட்டும் சொன்னேன். அவர் எழுந்துபோய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து மறுபடி சொல்லச் சொன்னார்.

பதினெட்டுப் படிவமும் வந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

குழுவில் எழுதினேன்: “நான் செய்தது தப்பு. நான் சொன்னது தப்பில்லை.” இந்தத் தடவை கட்டைவிரல் அதிகம் முளைக்கவில்லை. ஆனால் திட்டும் வரவில்லை.

8

கூட்டம் போன வாரம் புதுக்கோட்டையில் நடந்தது. எனக்கு அன்று வேலை நாள். போனைப் பெட்டியில் பூட்டிவிட்டு அறைக்குள் இருந்தேன். யாரோ ஒரு பேராசிரியரின் அட்டவணையில் எதை அடித்தேன், எதை விட்டேன் என்று எனக்கு நினைவில்லை. எங்களுக்கு நேரம் முந்தி என்பதால் இரவு பத்து மணிக்குத்தான் அங்கே கூட்டம் முடிந்தது, உடனே நிஷாவைக் கூப்பிட்டேன்.

அறிக்கையை வாசித்தாளாம். சின்ன மில்களில் பெரும்பாலானவை தூளைக் கழுவுவதே இல்லை, மாதத்தில் பாதி நாள்கூட ஓடுவதில்லை, கழுவுகிற மில்லுக்குத் தொட்டி வேண்டும், கழுவாத மில்லுக்கு வேறு விதி வேண்டும் என்பதுதான் சுருக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. கடைசியில் கேட்டார்.

“எல்லாம் சரிம்மா. எந்தெந்த மில்லுன்னு பேர்ப் பட்டியல் குடுங்க.”

“பேர் கிடையாதுங்க சார்,” என்றாள் நிஷா.

அதிகாரி அண்ணனைப் பார்த்தார். “செயலாளர் நீங்கதான? ஒங்ககிட்ட இருக்குமே.”

என் அண்ணனை எனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் பியூன் கேட்டாலும் சட்டைப் பையில் இருப்பதை எடுத்து நீட்டுகிறவர். அவர் எழுந்து நின்று, “எங்கிட்டயும் இல்லைங்கய்யா. இருந்தாலும் குடுக்க மாட்டேன். அப்பிடிச் சொல்லித்தான் வாங்கியிருக்கோம்,” என்றாராம்.

அதிகாரிக்குக் கோபம் வந்தது. “பேரு இல்லாத மில்லுக்காக நான் விதியை மாத்தணுமா? நாளைக்கு இதெல்லாம் பொய்யின்னா யாரைப் போயிப் பிடிக்கிறது?”

கேட்க வேண்டிய கேள்விதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். பின் வரிசையில் இருந்து பஞ்சவர்ணம் அக்கா எழுந்திருக்கிறார்.

“பேரு குடுத்தா அந்த மில்லுக்கு மட்டும் வந்து பாப்பீங்க. அவன் ஒருத்தன் பொய் சொல்லியிருந்தா எல்லாரும் பொய்யின்னு எழுதிட்டுப் போயிருவீங்க. பேரு இல்லையில்ல? இப்ப எல்லா மில்லுக்கும் வாங்க. சொல்லிட்டும் வர வேணாம். என்னைக்கு வேணுன்னாலும் வந்து பாத்து எழுதுங்க.”

“பதினெட்டுக்குமா?”

“பதினெட்டுக்குந்தான்.”

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, அவ்வளவு மில்லுக்கும் வர எனக்கு ஏது ஆள், ஏது நேரம், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சலித்துக்கொண்டார். அப்போது அண்ணன் மேசைக்குப் பக்கத்தில் போனாராம். பதினேழு மில்காரர்களும், பெரிய மில்காரர்களும், மட்டை லாரிக்காரர் சங்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்த கூட்டம் அது.

“என் மில்லுல ஆரம்பிங்கய்யா. மூணு வாரமாப் பூட்டிக் கெடக்கு. மட்டையும் இல்லை, ஆளும் இல்லை. இன்னைக்கே வாங்க,” என்று சொல்லி, இடுப்பிலிருந்து மில் சாவியை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தாராம்.

எந்த எண் தன்னுடையது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.